காருக்கு வீல் ஸ்பேசர்: கம்பெனி சஸ்பென்ஷனை மாற்றாத வண்டிக்கு எது பொருந்தும், எப்படி அளப்பது, எப்படி மாட்டுவது

பிள்ளையார்பட்டிக்குப் போகும் வழியில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். வண்டியில் ஐந்து பேர். பின்சீட்டில் அப்பத்தா, அத்தை, என் பையன். டிக்கியில் தூக்குச்சட்டி, பழக்கூடை, அர்ச்சனைப் பை. குன்றக்குடி தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் ‘சர்ர்க்’ என்று ஒரு இழுப்பு. "என்னப்பா, நாய் ஏதும் அடிபட்டிருச்சா?" என்று அப்பத்தா பதறிப் போனார். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள் ஓரம் டயரின் தோளைச் சீவியிருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் பின் சக்கரங்களுக்கு 12 மி.மீ. ஸ்பேசர் போட்டிருந்தேன். "பத்து, பன்னிரண்டுதாண்ணே எல்லாரும் போடுறாங்க" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வாரமும் நான் மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. வீடு திரும்பிச் சக்கரத்தைக் கழற்றியபோது இரண்டாவது அதிர்ச்சி காத்திருந்தது. நட்டுகள் ஐந்து சுற்று மட்டுமே ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் மரை போட்ட கம்பியில், ஏறியிருந்தன. டயர் உரசியது கண்ணில் பட்ட குறை. மொத்தக் குடும்பத்தையும் ஐந்து சுற்று மரையில் தொங்கவிட்டு ஓட்டியது கண்ணில் படாத குறை. இரண்டுமே அளந்திருந்தால் வந்திருக்காது. என்னென்ன அளக்க வேண்டும், அதை வைத்து எதை வாங்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், தேவையா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (வண்டியில் சக்கரம் பூட்டப்படும் பாகம்) சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் ஒரு உலோகத் தட்டு. எத்தனை மி.மீ. தட்டோ, அத்தனை மி.மீ. சக்கரம் வெளியே வரும். இரண்டு பக்கமும் 5 மி.மீ. போட்டால் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 10 மி.மீ. கூடும்.

இதை மூன்று காரணத்துக்காகப் போடுகிறார்கள். அகலமான அலாய் மாட்டி, அது உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் இடிக்கிறது என்று சிலர். அலாயின் கம்பிகள் பிரேக் காலிப்பரில் உரசுகின்றன என்று சிலர். மீதிப் பேருக்கு அழகுதான் காரணம். கம்பெனியிலிருந்து வரும்போது சக்கரம் மட்கார்டுக்குள் ஒதுங்கி, சட்டைக்குள் ஒடுங்கிய தோள் மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்தால் வண்டிக்கு ஒரு நிமிர்வு வரும் என்பது உண்மைதான். நானும் அந்த ஆசையில்தான் போட்டேன்.

இன்னும் அலாய் வாங்கவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். சரியான ஆஃப்செட் உள்ள அலாயை வாங்கிவிட்டால் ஸ்பேசரே வேண்டாம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ரிம்மின் உள்பக்கம் ‘ஈடி 45’ என்று பொறித்திருப்பார்கள், 45 மி.மீ. என்று பொருள். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். ஈடி 45 ரிம்முக்கு 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால், அது ஈடி 40 ரிம் மாட்டியதற்குச் சமம்.

கணக்கு இப்படிப் போகும். பழைய ரிம் 5.5 அங்குல அகலம், ஈடி 45 என்று வைத்துக்கொள்வோம். புதிது 6.5 அங்குலம், ஈடி 38. ஒரு அங்குலம் கூடியதில் ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட் 7 குறைந்ததால் மொத்த ரிம்மும் 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 19.7 மி.மீ. கூடுதல், உள்பக்கம் 5.7 மி.மீ. கூடுதல். இதற்கு மேல் ஸ்பேசரும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலாய் மாற்றியவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே ஸ்பேசரும் கேட்டு வாங்குகிறார்கள்.

மற்றவர் வண்டி எண் உங்களுக்கு ஆகாது

"என் நண்பன் 15 மி.மீ. போட்டிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். அவர் வண்டி கீழே இறக்கப்பட்ட வண்டியாக இருக்கும். வண்டியை இறக்கும்போது பெரும்பாலும் இரண்டு மாற்றங்கள் நடக்கும். கெட்டியான ஸ்பிரிங் போடுவதால் சக்கரம் மேலே ஏறும் தூரம் குறையும். முன்பக்கம் சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாயும். அப்படிச் சாய்ந்த டயர் மட்கார்டுக்குள் சுலபமாக நுழைந்துகொள்ளும்.

கம்பெனி சஸ்பென்ஷன் இதற்கு நேரெதிர். ஸ்பிரிங் மென்மை, ஏறி இறங்கும் தூரம் அதிகம், சக்கரம் ஏறக்குறைய செங்குத்தாகவே நிற்கும். காலியாக நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளங்கையே நுழையும். ஐந்து பேர் ஏறி, ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்த இடம் மொத்தமும் காணாமல் போய்விடும். நம் பக்கத்தில் சொந்தக் கார் என்றால் கல்யாணம், கோயில், விசேஷம் என்று ஆளும் சாமானும் ஏற்றித்தான் ஓடும். எனவே அளவெடுக்க வேண்டியது அந்தப் பாரத்தோடு இருக்கும் வண்டியை.

கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய நான்கு

ஒன்று, பிசிடி. நட்டு ஓட்டைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி மூன்றும் 4×100. ஃபோர்டு ஃபிகோ 4×108. ஃபோக்ஸ்வேகன் போலோ 5×100. கிரெட்டாவும் இன்னோவா கிரிஸ்டாவும் 5×114.3.

இரண்டு, நடு ஓட்டை. ஹப்பின் நடுவில் மேடாக நிற்கும் வளையத்தின் விட்டம் இது. ஸ்விஃப்டிலும் ஐ20யிலும் 54.1 மி.மீ., ஹோண்டா சிட்டியில் 56.1, போலோவில் 57.1, கிரிஸ்டாவில் 60.1, கிரெட்டாவில் 67.1. அரை மி.மீ. வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சக்கரத்தை நடுவில் பிடித்து நிறுத்துவது இந்த வளையம்தான். சிட்டிக்குச் செய்த ஸ்பேசரை ஸ்விஃப்டில் மாட்டினால் நான்கு ஓட்டையும் சரியாக உட்காரும், நடுவில் மட்டும் இரண்டு மி.மீ. ஆட்டம் இருக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். டயர் கடையில் எத்தனை முறை பேலன்ஸிங் பார்த்தாலும் அது போகாது, ஏனென்றால் கோளாறு சக்கரத்தில் இல்லை.

மூன்று, மரை. ஸ்விஃப்டுக்கு 12×1.25, அதாவது 12 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகர்வு. ஐ20, சிட்டி, கிரிஸ்டாவுக்கு 12×1.5. போலோவில் ஸ்டட்டே இல்லை. 14×1.5 போல்ட்தான் ஹப்புக்குள் போகும்.

நான்காவதாக, நட்டின் இருக்கை, அதாவது அது ரிம்மில் உட்காரும் வடிவம். வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி ரிம்முக்கு உருண்டை முகம். போலோவின் போல்ட்டும் உருண்டை முகம்தான். டொயோட்டாவின் கம்பெனி அலாய்களில் தட்டை வாஷர் வைத்த நட்டு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டை முறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டளவு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். முறுக்கும்போது இறுகின மாதிரி கைக்குத் தோன்றும். கொஞ்ச தூரம் ஓடியதும் தளர்ந்துவிடும்.

அளவெடுப்பது

இதற்கு வேண்டியவை: கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு, ஒரு ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், கொஞ்சம் களிமண். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கி மிச்சமிருக்கும் களிமண்ணே போதும். தரை மட்டமாக இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தளம் நல்ல மட்டமாக இருக்கிறதே என்று அதில் வண்டியை ஏற்றிவிடாதீர்கள். வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும். ஷெட்டின் சிமென்ட் தரை போதும்.

டயரில் காற்றைச் சரியாக அடித்து, டேங்கை நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களை உட்கார வையுங்கள். சக்கரத்துக்கு நேர் மேலே மட்கார்டின் வெளி ஓரத்திலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். நூலிலிருந்து டயரின் தோள் வரை உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு மட்கார்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், தகடு உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்பின் அகலத்தையும் அளக்க வேண்டும். டயரை வெட்டுவது மட்கார்டின் வெளி ஓரம் அல்ல, இந்த மடிப்புதான்.

உதாரணம்: நூலிலிருந்து டயர் தோள் வரை 28 மி.மீ. மடிப்பு 12 மி.மீ. மிச்சம் 16. வளைவில் திரும்பும்போது டயர் பக்கவாட்டில் பிதுங்கும், ரப்பர் புஷ்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதற்காக நான் 8 கழிப்பேன். ஆக 8 மி.மீ. வரை இடமிருக்கிறது. கடையில் கிடைக்கும் அளவுகளில், இதற்குள் கொஞ்சம் மிச்சம் விட்டு வருவது 5. இடது, வலது இரண்டையும் அளந்து, குறைந்ததையே கணக்கில் எடுங்கள். புது வண்டியிலும் இரண்டு பக்கமும் ஓரிரு மி.மீ. வேறுபடுவது சகஜம்.

இது நின்றபடி எடுத்த அளவு. ஓடும்போது என்ன ஆகும் என்பதைக் களிமண் சொல்லும். மட்கார்டின் உள்மடிப்பிலும், அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பிலும் சுண்டுவிரல் தடிமனுக்குக் களிமண்ணை ஒட்டுங்கள். அதே பாரத்தோடு ஒரு ஏற்றத்தில் கோணலாக ஏறுங்கள். எங்கள் ஊரில் அதற்கு ஊருணிக் கரையின் சரிவு இருக்கிறது. முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் அமுங்கும்படி ஏறி, அப்படியே திரும்பி அடுத்த கோணத்திலும் ஏற வேண்டும். பிறகு இறங்கி, நசுங்காமல் மிஞ்சியிருக்கும் களிமண்ணின் தடிமனைப் பாருங்கள். ஸ்பேசர் வாங்கும் முன் ஒருமுறை, மாட்டிய பின் ஒருமுறை என்று இரண்டு தடவை செய்தால் திருப்தி.

முன் சக்கரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். ஸ்பேசர் போட்டால் உள்ளே இடம் கூடுகிறது, அப்புறம் எதற்கு இடிக்கும் என்று தோன்றும். சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப் போவதால் அது போடும் வட்டம் பெரிதாகிறது. நேராகப் போகும்போது உரசாத டயர், ஒடித்துத் திருப்பும்போது பம்பரின் பின் ஓரத்தில் உரசும்.

எந்தத் தடிமன்?

சந்தையில் ஸ்பேசர்கள் இரண்டு குலம். ஒன்று சும்மா சொருகும் வகை. 3, 5, 8, 10, 12 மி.மீ. என்று கிடைக்கும். வண்டியின் ஸ்டட்டிலேயே செருகி, அதன் மேல் சக்கரத்தை மாட்டி, பழைய நட்டையே முறுக்குவது. மற்றது முறுக்கி மாட்டும் வகை. ஸ்பேசரை ஹப்பில் தனி நட்டுகளால் முறுக்குவார்கள், சக்கரத்துக்கு அந்த ஸ்பேசரிலேயே வேறு ஸ்டட்கள் இருக்கும். இது 15 மி.மீ.க்குக் கீழே அரிது. 20, 25 தான் அதிகம்.

சொருகும் வகையில் ஸ்பேசரின் தடிமன் அத்தனையும் ஸ்டட்டின் நீளத்திலிருந்து பறிபோகும். நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும். பொதுவாக எல்லோரும் ஏற்கும் விதி, ஸ்டட் எவ்வளவு தடிமனோ குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு மரை பிடிக்க வேண்டும் என்பது. 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 12 மி.மீ. மரை. இதைச் சுற்றுக் கணக்கில் பார்ப்பது சுலபம்:

12×1.5 என்றால் முழுதாக 8 சுற்று.
12×1.25 என்றால் 10 சுற்று.
14×1.5 என்றால் 9இலிருந்து 10 சுற்று.

கையால் நட்டை வைத்து, மரை பிடித்த இடத்திலிருந்து இறுகும் வரை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்த ஸ்பேசர் உங்களுக்கு வேண்டாம். என் ஸ்விஃப்டில் பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. நீளமான நட்டு வாங்கினால் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. நட்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஸ்டட் நீளமாகாது.

5 மி.மீ.க்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. அத்தனை மெல்லிய தட்டைச் செருகிய பிறகும் ஹப்பின் நடுவளையம் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், சக்கரம் அதில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். 10 மி.மீ. தட்டு பல வண்டிகளில் வளையத்தை முழுதாக விழுங்கிவிடும். அப்போது ஸ்பேசரிலேயே முன்பக்கம் ஒரு வளையம் கடைந்து வைத்திருந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும்.

ஆக, 8 முதல் 12 வரை உள்ளதுதான் பொறி. வண்டியின் ஸ்டட்டுக்கு அது தடிமன் அதிகம். தனியாக முறுக்கும் வகைக்கோ தடிமன் குறைவு. கடைகளில் அதிகம் கையில் திணிப்பதும் இதைத்தான். அதை விரும்பினால் ஹப்பிலிருந்து பழைய ஸ்டட்டை அழுத்தி எடுத்து, 10.9 தரக் குறியீடு பொறித்த நீள ஸ்டட் போட வேண்டும். நல்ல பட்டறையில் செய்யக்கூடிய வேலைதான். வெறும் அழகுக்காக நான் அதைச் செய்யமாட்டேன்.

15க்கு மேல் போகிறவர்கள் ரிம்மின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முறுக்கும் ஸ்பேசரைத் தாண்டி வண்டியின் பழைய ஸ்டட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். பல அலாய்களில் பின்முகத்தில் குழிகள் இருக்கும், முனைகள் அதில் ஒளிந்துகொள்ளும். இரும்பு ரிம்மில் அந்தக் குழிகள் கிடையாது. முனைகள் ரிம்மை முட்டிக்கொண்டு நிற்க, ரிம் ஸ்பேசரோடு முழுதாக ஒட்டாமலே நட்டு இறுகிவிடும். ஸ்டட்டை அறுத்துவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். ஒருமுறை அறுத்தால் ஸ்பேசர் இல்லாமல் அந்த வண்டியில் சக்கரமே மாட்ட முடியாது.

இரண்டு மெல்லிய தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

என் முடிவு: கம்பெனி சஸ்பென்ஷன் உள்ள சின்னக் காருக்குப் பின் சக்கரத்தில் 5 மி.மீ., அதுவும் மரை எண்ணிக்கை சரியாக வந்தால். முன் சக்கரத்துக்கு வேண்டாம்.

முன்பக்கத்தை ஏன் தொடக்கூடாது என்கிறேன்

முன் சக்கரம் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால் அது டயரின் நடுப்புள்ளிக்கு அருகில் ஓரிடத்தில் தொடும். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனிக்காரர்கள் கவனமாக வைத்திருப்பார்கள். முன்சக்கர இழுவை உள்ள பல கார்களில், ஒரு பக்க டயர் மட்டும் மணலில் ஓடும்போது பிரேக் அடித்தாலும் வண்டி நேராக நிற்கும்படி அது அமைந்திருக்கும். ஸ்பேசர் போடப் போட டயரின் நடுப்புள்ளி வெளியே நகர்ந்து அந்தக் கணக்கு மாறுகிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும். பாதித் தார், பாதிச் செம்மண் என்று இருக்கும் நம் கிராமச் சாலை ஓரங்களில் ஒதுங்கி பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முன்பக்க ஸ்பிரிங்கும் கொஞ்சம் மென்மையான மாதிரி ஆகும், ஏனென்றால் அதை அமுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. பின்பக்கம் குறுக்கே ஒரு வளையும் பீம் உள்ள கார்களில் நேராக ஏறி இறங்கும்போது இந்த வேறுபாடு வராது. அங்கே நெம்புகோல் முன்பின்னாக இருக்கிறது, பக்கவாட்டில் அல்ல.

வீல் பேரிங்குக்குச் சுமை கூடும் என்பது முன், பின் இரண்டுக்கும் பொது. 5 மி.மீ.க்குப் பயப்பட வேண்டியதில்லை. 25 மி.மீ. போட்டுவிட்டு, ஒரு வருடத்தில் ‘ஊம்’ என்று பேரிங் பாடினால் ஆச்சரியப்படக்கூடாது.

வாங்கும்போது

லேத் பட்டறையில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடைவது அவர்களுக்குப் பெரிய காரியம் இல்லை. எந்த அலுமினியத்தைக் கடைகிறார்கள் என்பதுதான் கேள்வி. பழைய பாத்திரத்தையும் இன்ஜின் துண்டையும் உருக்கி ஊற்றிய கட்டிக்குள் காற்றுக் குமிழ் இருக்கலாம், விரிசலும் இருக்கலாம். 6061-டி6 அல்லது 7075-டி6 என்று அலுமினியத்தின் ரகம் பொறித்து, வண்டிக்கென்றே செய்த ஸ்பேசரை வாங்குங்கள். ஒரே தட்டில் 4×100, 4×108, 4×114.3 எல்லாவற்றுக்கும் நீள் ஓட்டை போட்ட ‘எல்லா வண்டிக்கும்’ ரகத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

கடையிலேயே வெர்னியரால் தட்டின் தடிமனை எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வீட்டில் ஹப்பில் வைத்துப் பார்க்கும்போது கையால் லேசாக அழுத்தினால் ஏற வேண்டும், ஏறிய பின் ஆடக்கூடாது. போலோ போல போல்ட் உள்ள வண்டிக்கு, ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளம் கூடுதலான, அதே உருண்டை முகமுள்ள போல்ட்டும் சேர்த்து வாங்க வேண்டும்.

மாட்டும் முறை

வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்க்க வேண்டும். இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான், பட்டறையில் முதலில் தவிர்ப்பதும் இதுதான். துருவின் ஒரு செதில் நடுவில் மாட்டினாலும் தட்டு கோணலாக உட்காரும். கம்பெனியில் ஸ்டட்டின் மேல் ஒரு மெல்லிய தகட்டு வளையம் மாட்டி அனுப்புவார்கள், அது இருந்தால் எடுத்துவிடுங்கள். டிரம்மையோ டிஸ்க்கையோ பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை மேடாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

துருவைப் பற்றிப் பேச நம் காரைக்குடிக்குத் தனி உரிமை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பல காலமாக உலோக அரிப்பை ஆராய்ந்துவருகிறார்கள். அலுமினியமும் இரும்பும் ஒட்டி நின்று, நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். தொண்டி, தேவிபட்டினம் என்று அடிக்கடி கடற்கரைப் பக்கம் போகிற வண்டியில் ஸ்பேசர் வெள்ளைப் பொடி பூத்து ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஹப்பின் நடுவளையத்தில் மட்டும், விரலால் துடைத்த அளவுக்கு, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவலாம். மரையிலும் நட்டு உட்காரும் இடத்திலும் அது படவே கூடாது. கையேட்டில் உள்ள முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கு உரியது. வழுக்கும் மரையில் அதே அளவு முறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும்.

ஸ்பேசரை வைத்து, நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சக்கரத்தை ஏற்றி, நட்டுகளைக் கையாலேயே முடிந்த வரை சுற்றுங்கள். இப்போதும் எண்ணுங்கள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியைக் கீழே இறக்கிய பின் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கடைசி முறுக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு: போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், ஹோண்டா சிட்டிக்கு 108. ஏர் கன்னால் ‘டர்ர்ர்’ என்று அடித்துவிட்டு "டைட்டா இருக்குண்ணே" என்று சொன்னால், புன்னகைத்துவிட்டு உங்கள் ரெஞ்சை எடுங்கள். நல்ல டயர் கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

முறுக்கி மாட்டும் வகை என்றால் முதலில் உள் நட்டுகள், அவற்றுக்கும் டார்க் ரெஞ்ச். இவை சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதுதான் இந்த வகையின் பெரிய தலைவலி. வெளி நட்டு இறுக்கமாக இருப்பதைப் பார்த்து உள்ளே இருப்பதும் இறுக்கம் என்று நம்பிவிடுவோம்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கைச் சரிபார்க்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருமயம் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் ஆகிவிடும். கோட்டையையும் பார்த்துவிட்டு வரலாம். சக்கரம் ஆறிய பிறகு பாருங்கள். உள் நட்டு உள்ளவர்கள் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டயர் ரொட்டேஷனுக்கும் ஒருமுறை. புதிதாக ஸ்டியரிங்கில் நடுக்கமோ, பின்பக்கம் ‘டிக் டிக்’ என்ற சத்தமோ கேட்டால் வீடு வரை ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 182ஏ பிரிவு சேர்ந்தது. ஆர்சியில் ஸ்பேசருக்கு என்று ஒரு கட்டம் இல்லைதான். ஆனால் டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்றால் எந்த அதிகாரி கண்ணிலும் முதலில் அதுதான் படும். பின்னால் வருகிறவர் மீது கல்லும் சேறும் அடிப்பதும் அந்த டயர்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் சக்கரத்தைக் கழற்றும்போது முதல்முறையாக அவருக்குத் தெரிய வந்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

ஸ்டெப்னி

இது பலருக்குப் பஞ்சராகும் ராத்திரியில்தான் நினைவுக்கு வரும். சொருகும் ஸ்பேசர் என்றால், ஸ்டெப்னி மாட்டும்போது ஸ்பேசரை எடுத்துவிட்டு மாட்டலாம், பழைய நட்டே போதும். ஸ்டெப்னி இரும்பு ரிம், மற்றவை அலாய் என்றால் நட்டின் முகம் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

போல்ட் உள்ள வண்டிக்காரர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பேசருக்காக வாங்கிய நீள போல்ட்டை, ஸ்பேசர் இல்லாத ஸ்டெப்னிக்குப் போட்டால் அது ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டும். பின் டிரம் என்றால் பிரேக் ஷூவின் பாகங்களில் போய் இடிக்கும். எனவே கம்பெனி கொடுத்த பழைய போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, ‘ஸ்டெப்னிக்கு மட்டும்’ என்று எழுதி, ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகும் தம்பியிடமும் மச்சானிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.